இரண்டேகால் அடி ஜன்னல்

அன்புள்ள கவிதாவுக்கு,

நீ விமானம் ஏறிய மறுநாள் காலை, மண்டைவெளியில் நம் வீடு எழும்பிக்கொண்டிருக்கிற இடத்துக்குப் போனேன். முன் தூணில் நீ பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டிவிட்டுப் போன தாளை உரித்து எடுத்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். எந்த அறையில் ஜன்னல் தரையிலிருந்து எத்தனை அடியில் ஆரம்பிக்க வேண்டும் என்று நீ கைப்பட எழுதியிருந்த தாள் அது. பிறகு தேவராஜ் மேஸ்திரியைக் கூப்பிட்டு, "அம்மா ரூம் ஜன்னல் நாலடி. பொண்ணு எழுதினதை விடு. இடம் என் பேர்ல இருக்கு" என்றேன். ஆறு வாரம் ஆபீஸ் வேலையாக ஜெர்மனிக்குப் போன பெண்ணின் முதுகுக்குப் பின்னால் அப்பன் செய்த காரியம் இது. போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நான் குரலை உயர்த்துவேன், இருவருமே பாதியில் வைத்துவிடுவோம். அதனால்தான் எழுதுகிறேன். வீடு கட்டுகிற நாலு பேர் கண்ணில் பட்டாலும் நல்லதுதான் என்று தோன்றுவதால், எதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். பழைய வீட்டை இடித்துவிட்டு அதே அரை கிரவுண்டில் புதிதாகக் கட்டுகிறோம். முடிகிறவரை அடையாறில் வாடகை வீடு. கீழே நானும் உன் அம்மாவும், மாடியில் நீ, மாப்பிள்ளை, குழந்தை என்று ஏற்பாடு. அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. சுவரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து சாப்பாட்டு மேஜைக்கு, அவ்வளவுதான் அவள் நடை. இனி அவளுடைய பகல்களெல்லாம் தெருப் பக்கத்து அறையில்தான் கழியப் போகின்றன. அந்த ஒரு ஜன்னல் எந்த உயரத்தில் உட்காருகிறதோ அதைப் பொறுத்துத்தான், மீதி வருஷங்களில் அவள் தெருவைப் பார்ப்பாளா, சுவரைப் பார்ப்பாளா என்பது. நீ இரண்டேகால் அடி என்றாய். நான் நாலடி என்றேன். நீ ஊருக்குப் போகும்போது நமக்குள் பேச்சு இல்லை. விமான நிலையத்துக்கும் நான் வரவில்லை.

நான் ஏன் நாலடி என்றேன் என்பதைச் சொல்லாமல் என் தப்பை மட்டும் சொன்னால் அது எனக்கு நானே செய்துகொள்ளும் அநியாயம். பத்தாவதோடு படிப்பு நின்றவன் நான். பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த அமோனியா பிரிண்ட் கடையில் மெஷினுக்கு முன்னால் நின்றேன். இன்ஜினியர்கள் டிரேசிங் தாளில் வரைந்து கொண்டுவருகிற வீட்டுப் பிளானை மெஷினில் கொடுத்து, நீலக் கோட்டில் பிரதி எடுத்துத் தருகிற வேலை. அந்த நெடியில் கண்ணிலிருந்து தண்ணீராகக் கொட்டும். தாள் ஈரமாக வெளியே வரும். அது காய்கிற வரையில் எனக்கு வேறு வேலை கிடையாது. பிளானைப் படிப்பேன். வாசலில் நுழைந்து, ஹாலைத் தாண்டி, படுக்கை அறை, சமையலறை என்று விரலால் நடந்து பார்ப்பேன். தி.நகரிலும் அடையாறிலும் அந்த நாளில் எழும்பிய எத்தனையோ வீடுகளுக்குள், அவற்றில் பால் காய்ச்சியவர்களுக்கு முன்னால் போய்வந்தவன் நான். ஒருமுறை ஒரு பிளானில் பாத்ரூம் கதவைத் திறந்தால் வாஷ்பேசினில் இடிக்கும் என்று கண்டுபிடித்து அந்த இன்ஜினியரிடம் சொன்னேன். "பிரிண்ட் போடறவன் பிரிண்ட்டை மட்டும் போடு" என்றார். அடுத்த வாரம் அதே பிளான் திரும்பி வந்தது. கதவு மறுபக்கம் மாறியிருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மனிதரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை, மன்னிக்கிற உத்தேசமும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்கு ஒரு வியாதி பிடித்துக்கொண்டது. பத்து முறை சரியாகச் சொன்னவனுக்குப் பதினோராவது முறை தான் தப்பாக இருக்கலாம் என்று தோன்றுவதே இல்லை.

நம் பழைய வீட்டுக்கு நானே பிளான் போட்டேன். தெரிந்த இன்ஜினியர் ஒருவரிடம் கையெழுத்து மட்டும் வாங்கினேன். சுவர் எழும்பும்போது அன்றைய மேஸ்திரி என்னிடம் வந்து, "சார், சன்னல் எந்த ஒயரத்துல வெக்கிறது?" என்று கேட்டார். அத்தனை வருஷம் நான் படித்த பிளான்களில் ஜன்னல் என்பது சுவருக்குள் இழுத்த மூன்று கோடு. எந்தச் சுவரில் என்று தெரியும், எத்தனை அடி அகலம் என்று தெரியும். உயரம் அதில் இருக்காது. அது வேறு தாளில், வீட்டைக் குறுக்கே வெட்டி வரைந்த படத்தில் இருக்கும். அந்தத் தாளை நான் பிரிண்ட் போட்டிருக்கிறேனே தவிர, ஒருநாளும் உட்கார்ந்து படித்ததில்லை. அதில் நடந்து போக இடமில்லையே. தெரியாது என்று மேஸ்திரியிடம் சொல்வதா? கையைத் தூக்கி என் மார்பில் வைத்து, "இங்க" என்றேன். நான் ஆறடி ஆள். மேஸ்திரி அளந்து பார்த்தார், நாலரை அடி. "இன்னா சார், இம்மாம் ஒயரமா? வூட்ல அல்லாரும் பனமரமா?" என்றார். "காத்து மேலதான் வரும், நீ கட்டு" என்றேன். சமையலறை ஜன்னல் சந்துப் பக்கம், ஆள் நடமாட்டம் இருக்கும், எட்டிப் பார்ப்பார்கள் என்று அதற்குக் கழுத்தைக் காட்டினேன். அது ஐந்தடி. உன் அம்மாவின் மொத்த உயரமே நாலே முக்கால் அடி.

அந்தச் சமையலறையில்தான் அவள் முப்பது வருஷம் சமைத்தாள். ஜன்னல் வழியாக அவளுக்குத் தெரிந்தது பக்கத்து வீட்டு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரும் அதற்கு மேல் ஒரு துண்டு வானமும். பட்டினப்பாக்கத்திலிருந்து மீன் கொண்டுவருகிற அந்தோணியம்மாவை உனக்கு நினைவிருக்கும். காலையில் அந்தச் சந்தில் வந்து, சுவரோரம் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "யக்கா! சங்கரா கீது, கானாங்கத்த கீது, இன்னா வோணும்?" என்று குரல் கொடுப்பாள். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருக்கும், வாசல் வரை சுற்றிக்கொண்டு போக நேரம் இருக்காது. அம்மா எக்கி நின்று, தலைக்கு மேலே கையைத் தூக்கி, கம்பி இடுக்கு வழியாக மஞ்சள் பையை வெளியே நீட்டுவாள். அது மீனோடு திரும்பி வரும். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி, முகம் பார்க்காமலே மகள் கல்யாணம், மருமகள் பிரசவம், கடலில் காற்று என்று அத்தனையும் பேசுவார்கள். ஒருநாள் இருவரும் லஸ் பஸ் ஸ்டாப்பில் பக்கத்தில் பக்கத்தில் கால்மணி நேரம் நின்றிருக்கிறார்கள். அந்தோணியம்மா வாயைத் திறந்து, நிற்காமல் போன பஸ்ஸைத் திட்டிய பிறகுதான் உன் அம்மா, "அட, நீயா!" என்றாளாம். அதை அவர்கள் பல வருஷம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அடுத்த அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் காதில் விழும்படி ஒருமுறை அந்தோணியம்மா கேட்டாள், "ஏன்க்கா, ஒங்க வூட்டுக்காரரு செயிலுக்கு செஞ்ச சன்னல வாங்கியாந்து மாட்டிட்டாரா?" எனக்குக் கோபம் வந்துவிட்டது. இனிமேல் மீன் மார்க்கெட்டில் நானே வாங்கி வருகிறேன் என்றேன். "மீன் இந்த ஜன்னல்லதான் வரும்" என்றாள் உன் அம்மா. எனக்கு எதிராக அவள் பேசியது அநேகமாக அந்த ஒருமுறைதான். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

உனக்கும் ஒரு மன்னிப்பு பாக்கி இருக்கிறது. நீ எட்டாவது படிக்கும்போது பகல் மூன்று மணிக்கு டியூப்லைட்டைப் போட்டுக்கொண்டு படிப்பாய். நான் வந்து அணைப்பேன். "பட்டப்பகல்ல எதுக்கு லைட்டு? கண்ணைத் தொறந்து படி." நீ மறுபடி போடுவாய், நான் மறுபடி அணைப்பேன். அடுத்த வருஷம் உனக்குக் கண்ணாடி வந்தபோது, டிவி பார்த்துதான் கெட்டுப்போனது என்று எல்லோரிடமும் சொன்னேன். நாலரை அடி ஜன்னலில் வருகிற வெளிச்சம் உத்தரத்தைத்தான் வெளிச்சமாக்கும், தரையில் உட்கார்ந்து படிக்கிற பெண்ணின் புத்தகத்தில் விழாது என்பது எனக்கு அப்போது தெரியாது. கண்ணாடிக்கு அதுதான் காரணமா என்று இப்போது யாரும் சொல்ல முடியாது. லைட்டை அணைத்தது நான்தான் என்பதை நான் சொல்லலாம்.

இனி உன்னைப் பற்றி. நீ தரமணி சாஃப்ட்வேர் கம்பெனியில் பார்க்கிற வேலை என்ன என்று யாராவது கேட்டால், "அடுத்தவன் செஞ்சதுல குத்தம் கண்டுபிடிக்கறா, அதுக்கு ஒரு ஆபீஸ்" என்று கேலி செய்கிறவன் நான். வீட்டுப் பிளானை இன்ஜினியர் கொண்டுவந்து கொடுத்தபோது, கூட இருந்த குறுக்குவெட்டுப் படத்தில் எல்லா ஜன்னலுக்கும் மூன்றடி என்று ஒரே எண்ணைப் போட்டிருந்தார். ஏன் என்று கேட்டாய். "எல்லாரும் அப்படித்தாம்மா போடறாங்க" என்றார். நீ அதோடு விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அடையாறு வீட்டில் டேப்பை வைத்துக்கொண்டு அம்மாவை அளந்தாய். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால் தரையிலிருந்து அவள் கண் மூன்றடி எட்டு அங்குலம். கட்டிலில் உட்கார்ந்தால் நாலடிக்கு ஒரு அங்குலம் குறைவு. இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்து படுத்தால் இரண்டே முக்கால் அடி. "என்னடி இது, தையக்காரன் மாதிரி" என்று அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். மூன்று எண்ணில் நீ எதை எடுத்துக்கொள்வாய் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மிகக் குறைந்ததை எடுத்தாய். "வலி இல்லாத நாள்ல அம்மா எழுந்து உக்காருவா, எங்கயாவது பாத்துக்குவா. வலி வந்த நாள்ல படுத்துத்தான் கெடப்பா. அந்த நாளுக்குத்தான்ப்பா ஜன்னல்" என்றாய். கவிதா, நான் பிரிண்ட் போட்ட அத்தனை பிளான்களிலும், வீட்டில் இருப்பவரின் மோசமான நாளை நினைத்து ஒரு கோடு போட்ட இன்ஜினியரை நான் பார்த்ததில்லை. இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.

மறுநாள் கட்டடத்துக்குப் போனோம். அப்போது அங்கே தூணும் மேல்தளமும் மட்டும்தான், சுவர் எழும்பவில்லை. அம்மாவின் கட்டில் வரப்போகிற இடத்தில் நாற்காலியைப் போட்டு அவளை உட்கார வைத்தாய். இரண்டு தூணுக்கும் குறுக்கே ஒரு கயிற்றைக் கட்டி, அதை மேலும் கீழும் நகர்த்தினாய்.

"அம்மா, என்ன தெரியுது?"

"கயிறு தெரியுது."

"கயித்துக்குக் கீழ எல்லாம் சுவருன்னு வெச்சுக்கோ. மேல என்ன தெரியுது?"

"எதிர் வீட்டு மொட்டமாடி. தண்ணி டேங்க்."

"இப்போ?"

"கேட்டு தெரியுது. கேட்டாண்ட ஒரு நாய் படுத்திருக்கு."

"இன்னும் எறக்கட்டா?"

"எறக்கு. எறக்கு. நிறுத்து, நிறுத்து. இஸ்திரி வண்டி தெரியுது. அட, அந்தப் பையனுக்கு மீசை வந்துடுச்சா?"

அதற்குப் பிறகும் நீ நிறுத்தவில்லை. அவள் படுத்தால் கண் எங்கே வருமோ அந்த உயரத்துக்கு நீயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தாய். நம் தரை ரோட்டைவிட மூன்றடி உயரம், காம்பவுண்டு சுவர் ரோட்டிலிருந்து நாலரை அடி, ஆகவே சுவர் தலை நம் தரைக்கு மேல் ஒன்றரை அடிதான் நிற்கும், மறைக்காது என்று விரலில் கூட்டிக் கழித்துச் சொன்னாய். கயிறு இரண்டேகால் அடியில் நின்றது. எனக்குப் பொறுக்கவில்லை. "ரெண்டேகால் அடியா? அது ஜன்னலா, படிக்கட்டா? படுத்துக் கெடக்கற உங்கம்மாவை ரோட்ல போறவன் வரவன் எல்லாம் பாக்கணுமா?" என்று கத்தினேன். "அம்மா ரோட்டைப் பாக்கணும்ப்பா. ரோடு அம்மாவைப் பாத்தா ஒரு திரையை இழுத்து விட்டா போச்சு. இழுக்கறதா வேணாமான்னு அம்மாவே முடிவு பண்ணிக்கட்டும்" என்றாய். "நாப்பது வருஷமா பிளான் பாக்கறவன்கிட்ட பேசறே நீ" என்றேன். சிமெண்ட் மூட்டை மேல் விரித்திருந்த பிளானை என் பக்கம் திருப்பி வைத்தாய். "இதுல உயரம் எங்கப்பா இருக்கு? காட்டுங்க." மேஸ்திரி இருந்தார், சித்தாள்கள் இருந்தார்கள், உன் அம்மா இருந்தாள். என்னால் காட்ட முடியவில்லை. ஆட்டோ பிடித்துத் தனியாக வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்தக் கோபத்தில்தான் நீ போனதும் தாளை உரித்தேன்.

இரண்டு நாளில் அம்மா அறைச் சுவர் நாலடிக்கு வந்துவிட்டது. இரண்டாம் நாள் மத்தியானம் வேலையை மேற்பார்வை பார்க்க அந்த அறைக்குள் போனேன். வெயில். இப்போதெல்லாம் என்னாலும் பத்து நிமிஷத்துக்கு மேல் நிற்க முடிவதில்லை, அதை நான் வீட்டில் சொல்வதில்லை. நீ போட்ட அதே நாற்காலி அதே இடத்தில் இருந்தது. உட்கார்ந்தேன். ஆறடி ஆளான எனக்கே உட்கார்ந்தால் செங்கல்தான் தெரிந்தது. ஈரச் சாந்து, செங்கல், மறுபடி சாந்து. வெளியே தெருவில் அந்தோணியம்மாவின் குரல் கேட்டது. வீடு இடித்த பிறகும் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நின்று அம்மாவை விசாரிக்காமல் போகமாட்டாள்.

"யோவ் மேஸ்திரி, இத்து அக்கா ரூமா?"

"ஆமாம்மா."

"இன்னாய்யா இம்மாம் ஒசரம் கட்டிக்கினு கீறே? கால் முடியாத பொம்பள, இத்துக்கு மேல எப்படிப் பாக்கும்?"

"பெரியவரு சொன்னாரு. நான் இன்னா செய்யறது?"

"அந்தாளு கெடக்கறாரு. முப்பது வருசமா அந்தக்கா கைய மட்டுந்தான் பாத்துக்கினு கீறேன். வளையல் எப்ப மாத்துச்சு, மோதரம் எப்ப கயட்டுச்சு, அல்லாம் எனக்குத் தெரியும். மூஞ்சி எப்ப வாடிச்சுன்னு தெரியாது. புது வூட்லயாச்சும் கண்ணப் பாத்து ரெண்டு வார்த்த பேசலாம்னு நென்ச்சிக்கினு இருந்தேன்."

"மெல்லப் பேசும்மா. உள்ளதான் குந்திக்கினு கீறாரு."

"எங்க? தெர்லியே!"

"தெரியாதும்மா. அதான் சொவரு ஒசரமாச்சே."

இருவரும் சிரித்தார்கள். நான் எழுந்து நின்றிருந்தால் என் தலை தெரிந்திருக்கும், இரண்டு பேரும் வாயடைத்துப் போயிருப்பார்கள். எழவில்லை. நான் கட்டச் சொன்ன சுவருக்குப் பின்னால் நானே உட்கார்ந்திருந்தேன். வெளியே என்னைப் பற்றித்தான் பேச்சு, எனக்கு யார் முகமும் தெரியவில்லை, யாருக்கும் என் முகம் தெரியவில்லை. கால்மணி நேரம்தான் அது. உன் அம்மாவுக்கு முப்பது வருஷம்.

அன்று சாயங்காலம் அவளிடம் கேட்டேன், அந்தச் சமையலறை ஜன்னல் உயரம் என்று ஏன் அப்போதே ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை. "சொன்னேனே. பூச்சு வேலை நடக்கறப்பவே சொன்னேன். காத்து மேலதான் வரும், உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னீங்க. சரி, காத்தாவது வரட்டும்னு விட்டுட்டேன்."

"வந்துதா?"

"ஃபேன் இருந்துச்சே" என்றாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே போய், ஆறு வரி செங்கலை எடுக்கச் சொன்னேன். தேவராஜ் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "சார், முந்தாநேத்து ஏத்துன்னீங்க, இன்னிக்கு எறக்குன்றீங்க. நாளிக்கு வந்து சன்னலே வோணாம்பீங்களா?" சொல்லட்டும், அவருக்கு உரிமை இருக்கிறது. சாந்து இன்னும் இறுகவில்லை. கரணையால் தட்டத் தட்ட ஒவ்வொன்றாகப் பெயர்ந்து வந்தது. நான் பக்கத்தில் நின்று டேப்பும் ரசமட்டமும் வைத்துப் பார்த்தேன். இரண்டேகால் அடி, கால் அங்குலம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பிறகு உன் தாளை எடுத்து அதே தூணில் ஒட்டினேன். ஒட்டும்போதுதான் அதை முழுதாகப் படித்தேன். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் பொடி எழுத்தில் காரணம் எழுதியிருந்தாய். சமையலறை: "அம்மா நின்றால் கண் நாலடி நாலு. ஜன்னல் மேடைக்கு மேல் அரை அடியில் ஆரம்பிக்கட்டும். மீன்காரம்மா சந்தில் நின்றால் முகம் தெரிய வேண்டும்." ஹால்: "அப்பா பேப்பர் படிக்கிற நாற்காலி. இரண்டரை அடி. வெளிச்சம் இடது தோள் வழியாக மடியில் விழ வேண்டும். கண் ஆபரேஷன் பண்ணிக்க மாட்டேன் என்கிறார்." உன் அம்மாவை அளந்தாய், மாப்பிள்ளையை அளந்தாய், இந்த வீட்டில் என்னை மட்டும் ஒருவரும் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை என்று நான் மூன்று வாரமாக மனதுக்குள் பொருமிக்கொண்டிருந்தேன். என்னை எப்போது அளந்தாய்? நான் தூங்கிப்போனபோதா? கேட்கிறவர்களிடம் இப்போது நான் சொல்வதை மாற்றிக்கொண்டேன். என் பெண் மற்றவர்கள் உட்காருகிற இடத்தில் போய் உட்கார்ந்து பார்க்கிறவள் என்கிறேன். வீடு கட்டுகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதும் அதுதான். தாளை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு வீட்டை மேலிருந்து பார்க்காதீர்கள். அப்படிப் பார்க்கிற இடத்தில் யாரும் குடியிருக்கப் போவதில்லை.

இதனால் நான் எல்லாவற்றிலும் இறங்கிவிட்டேன் என்று நினைத்துவிடாதே. மாடியில் குழந்தை அறைக்கு ஒன்றரை அடி போட்டு, அதிலேயே அவள் உட்கார்ந்து படப் புத்தகம் பார்க்கிற மாதிரி மேடை என்று எழுதியிருக்கிறாய். அதை நான் கட்ட விடமாட்டேன். போன வாரம் அவளை அளந்தேன். நீ செய்த மாதிரியேதான், அவள் இருக்கிற இடத்தில் போய். நாலு வயசுக்கு அவள் கால் ஒரு அடி பத்து அங்குலம் வரை தூக்கி ஏறுகிறது. சோபா கையில் ஏறி நிற்கிறாள், அங்கிருந்து டிவி மேஜைக்கு எட்டுகிறாள். ஒன்றரை அடி அவளுக்கு ஏணியின் முதல் படி. கிரில் இருக்கிறதே என்பாய். கிரிலை அவள் இரண்டாம் படியாக வைத்துக்கொள்வாள், அதற்கு மேலே என்ன திறந்திருக்கிறது என்பதை ஒருநாள் ஒருவர் மறந்தால் போதும். மூன்றடி. அதற்குக் கீழே ஒரு வரி குறையாது. ஆனால் இந்த முறை உன் முதுகுக்குப் பின்னால் செய்யவில்லை. அந்த ஒரு சுவரை மட்டும் தொடாமல் விடச் சொல்லியிருக்கிறேன். நீ வந்து குழந்தையை அங்கே விட்டுப் பார், பிறகு என்னோடு சண்டை போடு. நானும் தயாராகத்தான் இருப்பேன்.

நேற்று சாயங்காலம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். அம்மா அறை ஜன்னலுக்கு அடிக் கான்கிரீட் போட்டு ஆறியிருந்தது. மரச்சட்டம் இல்லை, கம்பி இல்லை, வெறும் திறப்புதான். அவளை ஆட்டோவில் அழைத்துக்கொண்டு போனேன். தேவராஜ் கையைக் கொடுத்து ஏற்றிவிட்டார். முதலில் சமையலறையைப் பார்க்க வேண்டும் என்றாள், பார்த்தாள். பிறகு தன் அறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் பின்னால் நின்றேன். ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். பத்து நிமிஷம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் ஒன்றும் விசேஷம் இல்லை. ஸ்கூல் வேன் ஒன்று போனது, தண்ணீர் கேன் வண்டி வந்தது. அப்போது ஒரு இளைஞன் பைக்கை நம் கேட்டுக்கு நேர் குறுக்கே நிறுத்தி, சாவியை எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தான்.

"தம்பி! ஏம்ப்பா தம்பி!" என்றாள் அம்மா. அந்தக் குரலை நான் கேட்டு எவ்வளவோ வருஷம் ஆகிறது.

அவன் நின்று, மேலே மாடியைப் பார்த்தான், பக்கத்து வீட்டைப் பார்த்தான், பிறகு ஜன்னலைப் பார்த்தான்.

"கேட்டுக்கு நேரா நிறுத்திட்டுப் போனா நாங்க எப்படி வெளில வரது?"

"சாரிம்மா. கட்டட வேலை நடக்குதேன்னு பாத்தேன். உள்ள ஆள் இருக்காங்கன்னு தெரியல."

"இருக்கேன்ப்பா. இப்ப தெரியுதா?"

"தெரியுதும்மா" என்று சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே வண்டியைத் தள்ளி எதிர்ப் பக்கம் நிறுத்தினான். அம்மா கையால் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று காட்டிக்கொண்டிருந்தாள். அவனும் அவள் கையைப் பார்த்துப் பார்த்து நகர்த்தினான். வெளிச்சம் குறைய ஆரம்பித்திருந்தது. கொசு வந்துவிடும், கிளம்பலாமா என்று கேட்டபடி, ஆட்டோவுக்குச் சொல்ல நான் போனை எடுத்தேன். அவள் தெருவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இப்பவே சொல்லாதீங்க" என்றாள்.

இப்படிக்கு,
அப்பா